அடுப்பும் குழாயும் சாவியும்: முதிய தம்பதியர் இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஆலோசனை வேண்டும்

கேள்வி: ஜெலுத்தோங் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் பினாங்கு ஜெலுத்தோங்கில் வசிக்கிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். எனக்கு வயது 68, என் கணவருக்கு 73. பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் இடையே ஓடிய ஃபெரியின் எந்திர அறையில் ஏறக்குறைய 30 ஆண்டுகள் வேலை செய்தவர் அவர். மகன் ஜொகூரிலும் மகள் ஆஸ்திரேலியாவிலும் குடும்பத்தோடு இருக்கிறார்கள். பழைய தரைவீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே இருக்கிறோம்.

கடந்த ஓராண்டாக எங்கள் வீட்டில் சிறு விபத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. அடுத்தது பெரிதாகிவிடுமோ என்ற அச்சத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலாவது, பருப்புப் பாத்திரம் கரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, பூசைக்குப் பூ வாங்கப் புறப்பட்டேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுப்பில் பருப்பு இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னேன். அவரும் "சரி" என்றார். நான் திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி எங்கள் கிரில் கதவைப் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தார். சமையலறைச் சன்னல் வழியே புகை வந்துகொண்டிருந்தது. என் கணவரோ உள்ளறையில் தொலைக்காட்சிச் செய்தியை உரக்க வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பருப்பைப் பற்றி நான் எதுவுமே சொல்லவில்லை என்று இன்றுவரை உறுதியாகச் சொல்கிறார்.

இரண்டாவது, தண்ணீர்த் தடையின்போது நடந்தது. தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க அவரும் குழாயைத் திறந்திருக்கிறார், நானும் திறந்திருக்கிறேன். வராத குழாயை மூட வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டையைத் துணி ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. விடியற்காலையில் தண்ணீர் வந்து, தொட்டி நிறைந்து வழிந்து, நாங்கள் விழித்தபோது கூடம் முழுவதும் கணுக்கால் நனையும் அளவுக்கு நின்றது. அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்த எங்கள் திருமண ஆல்பம் நனைந்து, படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன. 44 ஆண்டுகளாகப் பாதுகாத்தது. அன்று நான் அழுததைப் பார்த்து அவரும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாவது, சாவி. "சாவி எடுத்துக்கொண்டீர்களா?" என்று கேட்டேன், "சரி சரி" என்றார், கதவை இழுத்துப் பூட்டினேன், இருவரும் வெளியே, சாவி உள்ளே. பூட்டுத் திறப்பவருக்கு 80 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தோம்.

நான்காவதுதான் என்னை மிகவும் கலங்கவைத்தது. காலையில் அவரே எடுத்து விழுங்கிவிட்ட இரத்த அழுத்த மாத்திரையை, அது தெரியாமல் நான் பசியாறிய பிறகு மறுபடியும் கொடுத்துவிட்டேன். அவரும் கேள்வி கேட்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டார். கிளினிக்கை அழைத்துக் கேட்டு, அன்று முழுவதும் அவரைப் படுக்கவைத்து, மணிக்கொரு முறை அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறைவன் அருளால் ஒன்றும் ஆகவில்லை.

செய்தி கேட்ட பிள்ளைகள், கேஸ் அடுப்பையே எடுத்துவிட வேண்டும் என்றும் சமையலறையில் கேமரா வைக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். "நான் என்ன சின்னக் குழந்தையா?" என்று அவர் கேட்டபோது அவருடைய குரலில் இருந்த வருத்தம் எனக்குத் தாங்கவில்லை. சென்ற ஆண்டு எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது முதல் காலைச் சமையலை அவர்தான் பார்க்கிறார். அதுவரை அடுப்படிப் பக்கமே வராதவர், எனக்காகவே தோசை சுடவும் சம்பல் கிண்டவும் கற்றுக்கொண்டார். அவரிடமிருந்து அடுப்பைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிடவும் துணிவில்லை. இது வயதுக்குரிய மறதிதானா, நோயின் தொடக்கமா? அவர் மனம் புண்படாமல் வீட்டை எப்படி ஒழுங்குபடுத்துவது? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.


மறுமொழி 1: செந்தூல் ரயில்காரர்

அம்மா, வணக்கம். நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். என் தந்தை செந்தூல் ரயில் பட்டறையில் வேலை செய்தவர். நான் மலாயன் ரயில்வேயில் நிலையப் பணியில் இருந்து ஓய்வுபெற்றேன். எனக்கு வயது 75, என் மனைவிக்கு 70. உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதிய நான்கிலும் இரண்டு பேர் சம்பந்தப்பட்டிருக்கிறீர்கள். அவர் தனியாகத் தோசை சுட்டபோது எதுவும் கரிந்ததாக நீங்கள் எழுதவில்லை. நீங்கள் தனியாகப் பார்த்துக்கொண்ட நாளிலும் எதுவும் நடக்கவில்லை. ஒரு பொறுப்பு உங்கள் கையிலிருந்து அவர் கைக்கு, அல்லது அவர் கையிலிருந்து உங்கள் கைக்கு மாறிய நேரங்களில்தான் எல்லாமே நடந்திருக்கின்றன. நாற்பது ஆண்டுக்கு மேலாக அந்த அடுப்படி உங்கள் ஒருவருடையதாக இருந்ததால், எது அடுப்பில் இருக்கிறது, எந்தக் குழாய் திறந்திருக்கிறது என்பதையெல்லாம் யாருக்கும் சொல்ல வேண்டிய தேவையே உங்களுக்கு வந்ததில்லை. உங்கள் முழங்காலுக்குச் சிகிச்சை நடந்த பிறகு அது இருவருக்கும் பொதுவாகிவிட்டது. விபத்துகளும் ஓராண்டாகத்தான் நடக்கின்றன என்கிறீர்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

ரயில்வேயில் இதே சிக்கலுக்கு ஒரு வழி உண்டு. கெமாஸிலிருந்து தும்பாட் வரை செல்லும் கிழக்குக்கரைப் பாதை ஒற்றைத் தண்டவாளம். ஒரே பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடாமல் இருக்க டோக்கன் முறையை வைத்திருந்தார்கள். அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைக்கப்பட்ட கருவிகள் இருக்கும். ஒரு டோக்கன் வெளியே எடுக்கப்பட்டிருந்தால், அது திரும்ப உள்ளே வைக்கப்படும் வரை இரண்டாவது டோக்கனை எந்த முனையிலும் எடுக்க முடியாது. அந்த டோக்கன் கையில் இல்லாமல் ஓட்டுநர் அந்தப் பகுதிக்குள் வண்டியைச் செலுத்தக் கூடாது. வளையத்தில் கோத்த தோல்பையில் அதை வைத்துக் கையோடு கை கொடுப்போம். வாயால் சொன்னதை நம்பி வண்டி புறப்படுவது என்பது கிடையாது. களைப்பாக இருந்தாலும், இரைச்சலாக இருந்தாலும், மழையாக இருந்தாலும், கையில் இருக்கும் பொருள் பொய் சொல்லாது.

எங்கள் வீட்டிலும் இரண்டு பாத்திரங்கள் கரிந்த பிறகு நான் இதைத்தான் செய்தேன். நீச்சல் குளங்களில் பெட்டிச் சாவியோடு தருவார்களே, கையில் மாட்டிக்கொள்ளும் சுருள் வளையம், அதில் சிவப்பு நிறத்தில் ஒன்றை வாங்கினேன். இரும்புச் சாமான் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். அடுப்புக்கு அருகில், ஆனால் தீயின் பக்கம் போகாத சுவரில், அதற்கு ஓர் ஆணி அடித்தேன். அடுப்பைப் பற்றவைப்பவர் அதை எடுத்துக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். குமிழைத் திருகி அணைத்த பிறகுதான் அது மறுபடியும் ஆணிக்குப் போக வேண்டும். இடையில் வெளியே போக நேர்ந்தால், மற்றவர் எங்கே இருக்கிறாரோ அங்கே சென்று, அவர் கையில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இந்தக் கடைசி விதிதான் முக்கியம். மற்றவர் குளித்துக்கொண்டோ தூங்கிக்கொண்டோ இருந்தால் வளையத்தைக் கொடுக்க முடியாது; அப்போது அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போக முடியும்.

மாட்டத் தொடங்கிய முதல் வாரத்தில் ஒருநாள் பாசார் வரைக்கும் நடந்துவிட்டேன். காசு கொடுக்கக் கையை நீட்டியபோது சிவப்பு வளையம் தெரிந்தது. உடனே வீட்டுக்கு அழைத்து மனைவியை அணைக்கச் சொன்னேன். வளையம் இல்லாத காலமாக இருந்திருந்தால் காய்கறி வாங்கி, நண்பர்களோடு கோப்பி குடித்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பியிருப்பேன்.

தண்ணீர்த் தடை நாளிலும் இதுபோலவே ஓர் ஏற்பாடு வேண்டும். வீட்டுக்குள் எந்தக் குழாயையும் திறந்து பார்ப்பதில்லை. வாசலில் உள்ள ஒரே குழாயை மட்டும் திறந்துவைத்து அதன் கீழே தகர வாளியைக் கவிழ்த்து வைப்போம். இரவில் தண்ணீர் வந்தால் அந்தச் சத்தமே எழுப்பிவிடும். சாவிக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை: கதவை இழுப்பவர் யாரோ அவர் கையில் சாவியைக் கண்ணால் பார்த்த பிறகே இழுக்க வேண்டும்.


மறுமொழி 2: ஓய்வுபெற்ற தாதி

அன்புச் சகோதரிக்கு வணக்கம். பினாங்கில் அரசு மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றியவள் நான். ரயில்கார ஐயா சொன்ன முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கணவருடைய காதை முதலில் பரிசோதிக்க வேண்டும்.

எந்திர அறையில் 30 ஆண்டுகள் இருந்தவர், தொலைக்காட்சியை உரக்க வைப்பவர், நீங்கள் சொன்னதற்கும் கேட்டதற்கும் "சரி" என்று மட்டுமே பதில் சொல்பவர். சாவி எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்டால் "எடுத்தேன்", "இல்லை" என்றுதான் பதில் வர வேண்டும். "சரி சரி" என்பது கேள்வியே காதில் விழாதவர் தரும் பதில். வயதினாலும் நீண்ட கால இரைச்சலாலும் வரும் செவிக்குறைவில், உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் ஓசைகள்தாம் முதலில் மங்கும். உயிரெழுத்துகளின் ஒலி நன்றாகக் கேட்கும், மெய்யெழுத்துகளின் வேறுபாடு கேட்காது; ஆகவே ஒருவர் பேசுகிறார் என்பது தெரியும், "பருப்பு" என்றாரா "கருப்பு" என்றாரா என்பது தெரியாது. ஆண் குரலைவிடப் பெண் குரலும் குழந்தைகளின் குரலும் புரிந்துகொள்வது கடினமாகும். கேட்கவில்லை என்பது அவருக்கே தெரியாமல் இருப்பதும் மிகவும் இயல்பு. நீங்கள் சொல்லவே இல்லை என்று அவர் சாதிப்பது பிடிவாதம் என்று எண்ணிவிடாதீர்கள். அவரைப் பொறுத்தவரை அது உண்மை.

இன்னொரு அறையிலிருந்தோ, முதுகைக் காட்டிக்கொண்டோ, செருப்பு மாட்டிக்கொண்டே குனிந்தோ சொல்லாதீர்கள். முகத்துக்கு நேரே நின்று, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, நிதானமாகச் சொல்லுங்கள். கத்திச் சொல்வதால் பயன் குறைவு. கத்தும்போது சொற்கள் மேலும் சிதையும், கேட்பவருக்கும் திட்டு வாங்குவதுபோல் இருக்கும்.

காதில் அழுக்கு கட்டியாகி அடைத்திருந்தாலும் கேட்காது. அதைக் கிளினிக்கில் எடுத்துவிடலாம், வீட்டில் பஞ்சுக்குச்சியால் குடையக் கூடாது, இன்னும் உள்ளே தள்ளிவிடும். நீங்கள் ஓய்வூதியம் பெறும் ஆசிரியை என்பதால் அரசுக் கிளினிக்கிலும் அரசு மருத்துவமனையிலும் உங்கள் இருவருக்குமே சிகிச்சைக்குக் கட்டணம் இராது. தயங்காமல் பரிந்துரைக் கடிதம் கேட்டு, செவித்திறன் சோதனைக்குச் செல்லுங்கள். செவிக்குறைவைக் கவனிக்காமல் விடுவது நினைவாற்றலையும் பாதிக்கும். மறதிநோய் பற்றி ஆராய்ந்த, லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2020-இல் தடுக்கக்கூடிய 12 காரணிகளையும் 2024-இல் 14 காரணிகளையும் பட்டியலிட்டது; இரண்டிலும் செவிக்குறைவு இருக்கிறது. பிறர் பேசுவது புரியாதபோது மனிதர்கள் மெல்ல மெல்ல ஒதுங்கிவிடுகிறார்கள், அந்தத் தனிமையும் கெடுதல் செய்கிறது.

இது நோயின் தொடக்கமா என்று கேட்டிருந்தீர்கள். பாத்திரத்தை அடுப்பில் மறப்பது எல்லா வயதிலும் நடக்கும். ஆனால் கரிந்த பாத்திரத்தைக் காட்டிய பிறகும் அப்படி ஒன்று நடந்ததே நினைவில்லை என்று சொல்வது, நன்கு பழகிய தெருவில் வழி தவறுவது, சற்று முன் கேட்ட கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, காசை எண்ணத் தடுமாறுவது ஆகியவை தெரிந்தால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். அவருக்கு நீரிழிவு இருந்து நெடுங்காலமாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவராக இருந்தால், உடலில் பி12 வைட்டமின் குறையக்கூடும். அதுவும் மறதியை உண்டாக்கும், அதற்கு மருந்தும் உண்டு. தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சளிக்காகக் கடையில் வாங்கும், தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள் முதியவர்களுக்கு மனக்குழப்பத்தைத் தரும். வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் இருவர் கை வேண்டாம். வாரத்துக்கு ஏழு நாளும் வேளை வாரியாகப் பிரித்த பெட்டி ஒன்றை வாங்கி, ஞாயிறு மாலையில் இருவரும் சேர்ந்தே நிரப்புங்கள். அறை காலியாக இருந்தால் மாத்திரை போட்டாயிற்று என்று பொருள். கேட்கவும் வேண்டாம், நினைவுபடுத்திப் பார்க்கவும் வேண்டாம். அன்று நீங்கள் கிளினிக்கை அழைத்துக் கேட்டது மிகவும் சரியான செயல். எப்போதேனும் மறுபடி அப்படி நடந்தால், மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.


மறுமொழி 3: பிரிக்பீல்ட்ஸ் மகள்

வணக்கம் அம்மா. நான் உங்கள் பிள்ளைகளின் இடத்தில் இருந்தவள் என்பதால் எழுதுகிறேன். என் பெற்றோர் ஆயர் ஈத்தாமில் இருந்தார்கள், நான் கோலாலம்பூரில் வேலை செய்கிறேன். அப்பா ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு, அவர்களிடம் கேட்காமலேயே கூடத்திலும் சமையலறையிலும் கேமரா பொருத்தினேன். அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, அடுப்பு எரிகிறது பாருங்கள்" என்று தொலைபேசியில் அழைத்துச் சொல்வேன். அதைக் கடமை என்று நம்பினேன். ஒரு மாதம் கழித்துப் போனபோது அப்பா கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். அம்மா எனக்குத் தெரியக் கூடாது என்று கூடத்தில் தலை வாரிக்கொள்வதையே நிறுத்திவிட்டார் என்று பிறகுதான் அறிந்தேன். அந்தக் கேமராவினால் ஒரு விபத்தும் தடுக்கப்படவில்லை. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்தியதும், தரையில் வழுக்காத விரிப்புப் போட்டதும்தான் உதவின. அதைக்கூட அப்பாவையே கம்பிக்கு இடம் காட்டச் சொன்ன பிறகுதான் அவர் பயன்படுத்தினார்.

ஆகவே உங்கள் மகனிடமும் மகளிடமும் என் அனுபவத்தைச் சொல்லுங்கள். அவர்கள் பயத்தினால் சொல்கிறார்கள், அதில் அன்பு இருக்கிறது. கேமராவுக்குப் பதிலாக நாள்தோறும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் இருவரும் முகம் தெரியப் பேசட்டும். காது மந்தமாக இருப்பவருக்கு உதட்டசைவு தெரிந்தால் பாதி புரிந்துவிடும்.

உங்கள் திருமண ஆல்பத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், அதைப் படித்ததும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஒட்டிய படங்களை விரலால் பிரிக்காதீர்கள், மேல்தோல் உரிந்துவிடும். பழைய புகைப்படத் தாள்களை, உலர்ந்து ஒட்டிய பிறகும், சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் சில நேரம் தாமாகவே விலகும். முக்கியமில்லாத ஒரு படத்தை முதலில் சோதித்துப் பாருங்கள். விலகினால், முகம் மேலே தெரியும்படி பழைய துணியில் பரப்பி, வெயில் படாமல் காற்றில் உலர்த்துங்கள். உலர்ந்தவுடன் ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள்.


மறுமொழி 4: செராஸ் கேஸ் கடை

அம்மா, செராஸில் நீண்ட காலம் கேஸ் தோம்பு (சிலிண்டர்) விற்று, வீடு வீடாகப் பொருத்திக் கொடுத்தவன் என்ற முறையில் அடுப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

புது அடுப்பு வாங்குவதானால் தீ அணைந்தவுடன் தானாகவே கேஸை நிறுத்தும் பாதுகாப்பு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். தீக்கு அருகில் உள்ள சிறு கம்பி சூடாக இருக்கும்வரைதான் கேஸ் வரும். பால் பொங்கி ஊற்றியோ காற்று அடித்தோ தீ அணைந்தால் சற்று நேரத்தில் அடைத்துவிடும். ஆனால் இது பருப்புப் பாத்திரம் கரிவதைத் தடுக்காது, ஏனென்றால் அங்கே தீ எரிந்துகொண்டுதான் இருக்கிறது. பலர் இதை வாங்கிவிட்டு இனிமேல் கவலையில்லை என்று இருந்துவிடுகிறார்கள். கரியாமல் இருக்க நேரம் வைக்கும் குமிழ் உள்ள அடுப்பு வேண்டும், அதுவும் உண்டு.

இண்டக்சன் அடுப்புக்கு மாறினால் நேரம் வைத்து அணைக்கலாம், தீயும் இல்லை. ஆனால் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் அதில் சூடாகும். பித்தளையும் அலுமினியமும் மண்சட்டியும் உதவாது. எவர்சில்வரிலும் சில ஒட்டும், சில ஒட்டாது. ஒரு காந்தத்தை எடுத்து உங்கள் பாத்திரங்களின் அடியில் வைத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். தொட்டுப் பழகிய அடுப்பை ஒரே நாளில் மாற்றினால் 73 வயதுக்காரருக்குப் புதுக் குழப்பம் வரும் என்பது என் அனுபவம். பழைய அடுப்புக்குப் பக்கத்தில் அதை வைத்து, முதலில் வெந்நீர் போட மட்டும் பழகட்டும்.

கேஸ் கசிவைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. கேஸுக்குச் சொந்தமாக வாசனை இல்லை, கசிவு தெரிவதற்காகத்தான் நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். வயதானால் மூக்கின் உணர்வும் குறையும். ஆகவே மூக்கை நம்பாமல் கசிவு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்துங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். எனவே கருவியைத் தரைக்கு அருகில் வைக்க வேண்டும். புகை எச்சரிக்கைக் கருவியைத்தான் கூரையில் பொருத்த வேண்டும். இரண்டையும் மாற்றிப் பொருத்திய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கசிவு என்று தெரிந்தால் விளக்குச் சுவிட்சையோ விசிறியையோ போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. தோம்பின் வால்வை மூடிவிட்டு, கதவு சன்னல்களைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள். கிரில் பூட்டின் சாவி கதவருகே இருவருக்கும் தெரிந்த ஓர் இடத்தில் எப்போதும் இருக்க வேண்டும். தீ வந்த வீட்டில் சாவியைத் தேடும் நேரம் கிடைக்காது.

ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றுங்கள். 14 கிலோ தோம்பின் விலை 26.60 வெள்ளி, வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி தனி. அந்தக் கூலியை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். கேஸே 14 கிலோ, இரும்பின் எடையும் அதோடு சேரும்; அறுவை சிகிச்சை செய்த முழங்காலோடு நீங்கள் அதை நகர்த்தவே கூடாது.


மறுமொழி 5: ஜெலுத்தோங் ஆசிரியை

பதில் எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

ரயில்கார ஐயா எழுதியதை என் கணவருக்கு முகத்துக்கு நேரே அமர்ந்து, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, முழுவதும் படித்துக் காட்டினேன். டோக்கன் பற்றிய பகுதியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கப்பலிலும் அப்படித்தான் என்றார். மேல்தளத்திலிருந்து கட்டளை வந்தால், கீழே இருப்பவர் அதே கட்டளையைத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். திருப்பிச் சொல்லாவிட்டால் கட்டளை போய்ச் சேரவில்லை என்றுதான் பொருளாம். "அப்படியானால் வீட்டில் மட்டும் ஏன் எனக்குச் 'சரி' என்கிறீர்கள்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீ சொல்வது பாதி நேரம் எனக்குக் கேட்பதில்லை, திரும்பக் கேட்டால் உனக்குச் சலிப்பு வரும் என்று சரி என்று சொல்லிவிடுவேன்" என்றார். எத்தனை ஆண்டுகளாக இப்படி என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பிள்ளைகளை வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தவள், அவர் ஒருமுறை திரும்பக் கேட்டால் முகம் சுளித்திருக்கிறேன். அதை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

சுருள் வளையம் வாங்கினோம். அதில் மாட்டுவதற்கு அவரே ஒரு பொருளைத் தேடி எடுத்தார்: ஃபெரியின் எந்திரத்தில் பழுது பார்த்தபோது கழற்றிய பழைய பித்தளை நட்டு ஒன்றை நினைவாக வைத்திருந்தார், புளி போட்டுத் தேய்த்து அதைக் கோத்துவிட்டார். இப்போது அடுப்பு எரியும்போது அது எங்களில் ஒருவர் கையில் இருக்கிறது. கொடுக்கும்போது "அடுப்பில் பருப்பு" என்று நான் சொல்கிறேன், "அடுப்பில் பருப்பு" என்று அவர் திருப்பிச் சொல்கிறார். இதுவரை எதுவும் கரியவில்லை.

தாதி அம்மா சொன்னபடி கிளினிக்குக்குச் சென்றோம். இடது காதில் அழுக்கு கட்டியாக இருந்தது; அதை எடுத்தவுடன் வெளியே மழை பெய்வது கேட்கிறது என்றார். செவித்திறன் சோதனையில் இரண்டு காதிலும் உயர்ந்த ஒலிகள் குறைந்திருப்பது தெரிந்தது. காது கேட்கும் கருவிக்காக அடுத்த சந்திப்பு கொடுத்திருக்கிறார்கள். நினைவுச் சோதனையும் செய்தார்கள். இப்போதைக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்று மருத்துவர் சொன்னார். இரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. மாத்திரைப் பெட்டியை ஞாயிறு தோறும் இருவரும் சேர்ந்து நிரப்புகிறோம். கசிவு எச்சரிக்கைக் கருவியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பொருத்தியிருக்கிறோம். பிரிக்பீல்ட்ஸ் மகளின் பதிலைப் பிள்ளைகளுக்கு அனுப்பினேன். மகன் கேமராப் பேச்சை விட்டுவிட்டான். மகள் இரவு எட்டு மணிக்குக் காணொளியில் அழைக்கிறாள்.

படங்களையும் ஊறவைத்தோம். பெரிய தாம்பாளத்தில் நீர் ஊற்றி, அவர் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைப் பிடிக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதிலேயே போயிற்று. 22 படங்களில் 14 நன்றாக விலகின. தாலி கட்டும் படத்தில் என் முகத்தின் ஒரு பக்கம் போய்விட்டது. குனிந்திருக்கும் அவர் முகமும், என் கழுத்தருகே அவர் விரல்களும் அப்படியே இருக்கின்றன. அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லியிருக்கிறார்.

காது கேட்கும் கருவியைப் பயன்படுத்திப் பழகியவர்கள் யாரேனும் இருந்தால், முதல் சில வாரங்கள் எப்படி இருந்தன என்று எழுதுங்கள். அவர் சற்றுத் தயங்குகிறார். அடுப்பில் ரசம் இருக்கிறது, நட்டு என் கையில் இருக்கிறது; ஆகவே இப்போது எழுந்துகொள்கிறேன்.